கை மரத்துப்போனால் முழங்காலில் ஏன் தட்டுகிறார்கள்?

கேள்வி: எனக்கு வயது 51. ஆறு வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் மாத்திரை எடுத்து வருகிறேன். ஐந்து மாதமாக இரவில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உதறினால் சரியாகிறது. சமீபமாக இரண்டு பாதங்களிலும் எரிச்சலும் மதமதப்பும் இருக்கின்றன. வீட்டில் எல்லோரும் 'நரம்புத் தளர்ச்சி' என்றார்கள். நானாகவே நரம்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டேன், பலனில்லை. போன வாரம் டாக்டரிடம் போனால், கை மரத்துப்போகிறது என்று சொன்னவளை உட்காரவைத்து முழங்காலில் சுத்தியலால் தட்டினார், உள்ளங்காலில் கீறினார், கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். கடைசியில் கழுத்துக்கு எம்.ஆர்.ஐ. ஸ்கேனும், நரம்புக்குக் கரண்ட் வைத்துப் பார்க்கும் டெஸ்டும் எழுதிக் கொடுத்தார். கையில் இருக்கும் கோளாறுக்குக் காலும் கழுத்தும் எதற்கு? மூளை, தண்டுவடம், நரம்பு எல்லாம் ஒன்றா, வேறு வேறா? எது என்ன வேலை செய்கிறது? எனக்குத் தளர்ந்திருப்பது எது?

பதில்: கொஞ்சம் எரிச்சலோடுதான் எழுதியிருக்கிறீர்கள். நியாயம்தான். காரணம் சொல்லாமல் சுத்தியலை எடுத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். ஆனால் அவர் செய்தது சரியான வேலை. முழங்காலில் ஏன் தட்டினார் என்பது புரிந்துவிட்டால் நரம்பு மண்டலத்தில் பாதி புரிந்துவிடும். அதைச் சொல்லத்தான் இந்தப் பதில், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒரு சொல் தகராறைத் தீர்த்துவிடலாம். தமிழில் நரம்பு என்ற சொல்லின் மேல் ஏகப்பட்ட சுமையை ஏற்றி வைத்திருக்கிறோம். புறங்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நரம்பு என்கிறோம். அது சிரை, இரத்தம் இதயத்துக்குத் திரும்பும் குழாய். அதில் ஏற்றுவதை 'நரம்பு ஊசி' என்கிறோம். நிஜ நரம்புக்குள் ஊசி இறங்கினால் ஊரைக் கூட்டிவிடுவீர்கள். காலில் சுருண்டு கிடக்கும் நரம்புச் சுருட்டலும் சிரைதான். பழந்தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர், மருத்துவம் சொல்லும் நரம்புக்கு ஓரளவு பக்கத்தில் வருவது அந்தப் பொருள்தான். நிஜ நரம்பு வெளியே தெரியாது. வெண்மையாக, நூல் கயிறு போலத் தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடும். உங்களுக்கு அது ஏற்கெனவே அறிமுகம்தான். முழங்கையின் உட்புறம் எங்கேயாவது இடித்துக்கொண்டால் சுண்டுவிரல் வரை 'சுர்'ரென்று பாயுமே, அது எலும்பை ஒட்டி ஓடும் அல்நார் நரம்பு.

அடுத்தது 'நரம்புத் தளர்ச்சி'. நான் படித்த எந்த நரம்பியல் புத்தகத்திலும் இப்படி ஒரு நோய் இல்லை. கை நடுங்கினாலும், அசதியாக இருந்தாலும், படபடப்பு வந்தாலும், தாம்பத்தியத்தில் சிக்கல் என்றாலும் இந்த ஒரே பெயர்தான். நம்மை மட்டும் குறை சொல்லக் கூடாது. 1869-இல் அமெரிக்க டாக்டர் ஜார்ஜ் பியர்டு, காரணம் தெரியாத களைப்புக்கெல்லாம் 'நியூரஸ்தீனியா' என்ற பெயரைப் பரப்பினார். அதற்கும் ஏறக்குறைய நரம்புத் தளர்ச்சி என்றுதான் அர்த்தம். மேற்கத்திய மருத்துவம் அந்தப் பெயரைப் பெரும்பாலும் கைவிட்டுவிட்டது. நரம்பு ரப்பர் மாதிரி தளராது. அது அழுத்தப்படும், வீங்கும், உறை உரியும், பட்டினி கிடந்து காயும், அறுபடும். இதில் எது நடந்தது என்பது இரண்டாவது கேள்வி. எங்கே நடந்தது என்பதுதான் முதல் கேள்வி.

நான் மாணவனாக இருந்தபோது எங்கள் பேராசிரியர் ஒருவர் இதை எங்கள் தலையில் அடித்து ஏற்றினார். நோயாளியைப் பரிசோதித்துவிட்டு யாராவது "சார், பக்கவாதம்" என்றோ "கட்டி" என்றோ ஆரம்பித்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "எங்கே என்று சொல்லு, அப்புறம் என்ன என்று சொல்லலாம்." அப்போது அது வீம்பாகத் தெரிந்தது. நரம்பு மண்டலத்தில் உபத்திரவம் தெரியும் இடமும் கோளாறு இருக்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது நோயாளிகளைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு உறைத்தது.

சரி, உங்கள் வலது கையின் நடுவிரல் நுனியிலிருந்தே கிளம்புவோம்.

அந்த நுனியில் தொடு உணர்ச்சியை வாங்கும் இழை ஒரு செல்லின் வால். அந்த செல்லின் உடல் விரலில் இல்லை. கழுத்து எலும்புகளுக்குப் பக்கத்தில், தண்டுவடத்துக்குச் சற்று வெளியே ஒரு சிறு முடிச்சில் உட்கார்ந்திருக்கிறது. அங்கிருந்து ஒரு வாலை விரல் வரை நீட்டியிருக்கிறது. இன்னொரு வாலைத் தண்டுவடத்துக்குள் நுழைத்து மேலே மூளைத்தண்டு வரை, அதாவது மூளையும் தண்டுவடமும் சேரும் இடம் வரை, ஏற்றியிருக்கிறது. காலின் பெருவிரலுக்குப் போகும் செல்லை எடுத்துக்கொண்டால், பாதத்திலிருந்து பிடரிக்குச் சற்று மேல் வரை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர், எல்லாமே ஒற்றை செல். எத்தனை வருடம் ஆனாலும் இது எனக்கு அலுக்காத செய்தி.

இப்படிப்பட்ட இழைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்த கட்டுதான் நரம்பு. உணர்ச்சியை மேலே கொண்டுபோகும் இழையும், தசைக்குக் கட்டளை கொண்டுவரும் இழையும், வியர்வைச் சுரப்பிக்கும் இரத்தக் குழாய்க்கும் போகும் இழையும் ஒரே கட்டுக்குள் அடுத்தடுத்துக் கிடக்கும். பல இழைகளின் மேல் மையலின் என்ற கொழுப்பு உறை இருக்கும். உறை உள்ள இழையில் செய்தி பறக்கும், உறை இல்லாத இழையில் ஊரும். கால் விரலை எதிலாவது இடித்துக்கொண்டால் முதலில் 'சுளீர்' என்று ஒரு வலி வந்து, ஒரு நொடி கழித்து மந்தமாக இன்னொரு வலி பரவும், கவனித்திருக்கிறீர்களா? முதலாவது மெல்லிய உறை போட்ட இழை வழியாக வந்தது. இரண்டாவது உறை இல்லாத மெல்லிய இழையில், நொடிக்கு ஒரு மீட்டர் அளவு வேகத்தில், நடந்தே வந்தது. பாத எரிச்சலுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை இந்த மெல்லிய இழைகள்தான். உங்களுக்கு எழுதியிருக்கும் கரண்ட் டெஸ்ட் தடித்த இழைகளை மட்டுமே அளக்கும். ஆகவே எரிச்சல் இருந்தும் ரிப்போர்ட் 'நார்மல்' என்று வந்தால், நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்று அர்த்தமில்லை.

அந்த டெஸ்டுக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. நரம்பில் செய்தி போகும் வேகத்தை அளக்கவே முடியாது என்றுதான் 19-ஆம் நூற்றாண்டின் பெரிய உடலியல் அறிஞர் யோகான்னஸ் முல்லர் நினைத்தார். அவரிடமே படித்த ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850-இல் தவளைக் காலில் அளந்து காட்டினார். நொடிக்குச் சுமார் 30 மீட்டர். மனிதரின் முன்கையில் ஆரோக்கியமான நரம்பு நொடிக்கு 50 மீட்டருக்கு மேல் ஓடும். உங்கள் டெஸ்டும் இதே வேலைதான். ஒரு இடத்தில் லேசாகக் கரண்ட் கொடுத்து, இன்னொரு இடத்தில் எவ்வளவு நேரத்தில் வந்து சேர்கிறது என்று பார்ப்பார்கள். வழியில் எங்கே தாமதமாகிறதோ அங்கே நரம்பு நெருக்கப்படுகிறது.

விரலிலிருந்து கிளம்பினோம் அல்லவா? முதல் குறுகலான சந்து மணிக்கட்டு. உள்ளங்கை ஆரம்பிக்கும் இடத்தில் எலும்புகள் தரையாகவும், ஒரு தடித்த பட்டை கூரையாகவும் இருக்கும் ஒரு சின்னக் குகை. அதற்குள் ஒன்பது தசைநாண்களோடு இடித்துக்கொண்டு மீடியன் நரம்பு போகிறது. கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி, இவற்றின் உணர்ச்சி அதன் பொறுப்பு. தூக்கத்தில் மணிக்கட்டை மடக்கி வைத்துக்கொள்வோம். குகைக்குள் நெருக்கடி கூடும், நரம்புக்கு இரத்த ஓட்டம் குறையும், கை மரத்து விழிப்பு வரும், உதறினால் போகும். நீங்கள் எழுதியிருப்பது ஏறக்குறைய இதே வர்ணனைதான். இதற்குக் கார்பல் டனல் என்று பெயர். சர்க்கரை நோய், தைராய்டு குறைபாடு, கர்ப்பம், ஒரே மாதிரி கைவேலை எல்லாம் இதைக் கொண்டுவரும். பெண்களுக்கு அதிகம்.

ஆனால் நீங்கள் ஒரு முக்கியமான விவரத்தை எழுதவில்லை. மரத்துப்போவது எந்த விரல்கள்? கை முழுவதும் என்று பலரும் சொல்வார்கள். ஒரு வாரம் கவனித்துப் பார்க்கச் சொன்னால், சுண்டுவிரல் மட்டும் தப்பிக்கிறது என்று வந்து சொல்வார்கள். சுண்டுவிரல் தப்பித்தால் மணிக்கட்டு மேல் சந்தேகம். சுண்டுவிரலும் மோதிர விரலின் வெளிப்பாதியும் மட்டும் மரத்தால் முழங்கை மேல் சந்தேகம். மோதிர விரலை நடுவில் கோடு போட்டுப் பிரித்த மாதிரி ஒரு பாதிக்கு ஒரு நரம்பு, மறுபாதிக்கு இன்னொரு நரம்பு. நம் உடம்பில் இப்படி ஒரு எல்லைக் கோடு ஓடுவது எங்களுக்குப் பெரிய வரப்பிரசாதம். கழுத்தில் நரம்பு வேர் அழுத்தப்பட்டால் அந்தக் கோடு மதிக்கப்படாது, மோதிர விரல் முழுதாக மரக்கும்.

கையிலிருந்து வரும் நரம்புகள் அக்குள் பக்கத்தில் ஒன்றோடொன்று பின்னிப் பிரிந்து, கடைசியில் கழுத்து எலும்புகளுக்கு இடையே ஐந்து வேர்களாக உள்ளே நுழைகின்றன. கட்டைவிரல் ஆறாவது வேர், நடுவிரல் ஏழாவது, சுண்டுவிரல் எட்டாவது. கழுத்தில் எலும்பு ஏழுதான், வேர் மட்டும் எட்டு ஜோடி. இந்தக் கணக்கில் குழம்பாத மருத்துவ மாணவரை நான் பார்த்ததில்லை. தண்டுவடத்திலிருந்து மொத்தம் 31 ஜோடி வேர்கள் கிளம்புகின்றன. ஜவ்வு விலகியிருக்கிறது என்கிறார்களே, எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் அந்த மெத்தை பிதுங்கி இந்த வேர் ஒன்றை அழுத்தினால், கோளாறு கழுத்தில் இருக்கும், மரப்பு விரலில் தெரியும். பெரும்பாலும் கூடவே கழுத்திலிருந்து தோள் வழியாக ஒரு வலி இறங்கும். மணிக்கட்டில் அழுத்தினாலும் நடுவிரல் மரக்கும், கழுத்தில் அழுத்தினாலும் மரக்கும். கழுத்து ஸ்கேனுக்கு ஒரு காரணம் இது. பெரிய காரணம் வேறு, இப்போது வருகிறது.

வேர் உள்ளே நுழைந்தால் தண்டுவடம். சுண்டுவிரல் பருமன், பெரியவர்களுக்கு 42 முதல் 45 சென்டிமீட்டர் நீளம். முதுகெலும்பு முழுக்க இறங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். இடுப்புக்கு மேலேயே, முதலாவது இரண்டாவது இடுப்பு எலும்புகளின் மட்டத்தில், அது முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே வேர்கள் மட்டும் கொத்தாகத் தொங்கும். பார்க்கக் குதிரை வால் மாதிரி இருப்பதால் லத்தீனிலும் அதற்குக் குதிரை வால் என்றே பெயர். முதுகில் தண்ணீர் எடுக்கும்போது ஊசி அந்த வாலுக்கு நடுவேதான் போகிறது, தண்டுவடத்தைத் தொடுவதில்லை. 'முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும்' என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

தண்டுவடம் மேலும் கீழும் செய்தி கடத்தும் வெறும் பாதை இல்லை. மூளையைக் கேட்காமல் தானே முடிவெடுக்கும் வேலைகளும் அதற்கு உண்டு. இங்கேதான் உங்கள் முழங்கால் வருகிறது.

முழங்கால் சில்லுக்குக் கீழே சுத்தியலால் தட்டும்போது தொடைத் தசை ஒரு கணம் இழுபடுகிறது. இழுபட்ட செய்தி நரம்பு வழியாக இடுப்புப் பகுதித் தண்டுவடத்துக்குப் போகிறது. அங்கே நேராகத் தசையை இயக்கும் செல்லிடம் கைமாறி, திரும்பி வந்து காலை உதைக்க வைக்கிறது. இடையில் ஒரே ஒரு கைமாற்றம்தான். 1875-இல் எர்ப், வெஸ்ட்ஃபால் என்ற இரண்டு ஜெர்மானிய டாக்டர்கள் தனித்தனியே இதை எழுதினார்கள். நூற்றைம்பது வருடமாகியும் சுத்தியலை நாங்கள் கீழே வைக்கவில்லை.

இதில் மூளைக்கு ஒரு மறைமுகமான வேலை இருக்கிறது. மேலேயிருந்து அது இந்த உதைப்பை எப்போதும் கொஞ்சம் அடக்கியே வைத்திருக்கும். அந்தக் கடிவாளம் கழுத்துத் தண்டுவடம் வழியாகத்தான் கீழே வருகிறது. கழுத்தில் தண்டுவடமே அழுத்தப்பட்டால் கடிவாளம் அறுந்த மாதிரி ஆகி, லேசாகத் தட்டினாலும் கால் துள்ளும். மாறாக, காலுக்குப் போகும் நரம்பு பழுதானால் செய்தியே போய்ச் சேராது, எவ்வளவு தட்டினாலும் கால் அசையாது. ஒரே தட்டு, இரண்டு எதிரெதிர் பதில். உங்கள் டாக்டர் காலில் தேடியது கழுத்தைத்தான்.

உள்ளங்காலில் கீறியதும் அதற்கே. பாபின்ஸ்கி என்ற பிரெஞ்சு டாக்டர் 1896-இல் சொன்னது. கீறினால் பெருவிரல் கீழே மடங்க வேண்டும். மேலே நிமிர்ந்தால் மூளையிலிருந்து இறங்கும் கட்டளைப் பாதையில் எங்கேயோ கோளாறு. நடக்கத் தொடங்காத குழந்தைக்கு மட்டும் விரல் நிமிர்வது இயல்பு, அதற்கு அந்தப் பாதையில் இன்னும் மையலின் உறை முழுதாகப் போர்த்தப்படவில்லை. கழுத்தில் தண்டுவடம் நெருக்கப்படுவது வலியே இல்லாமலும் வரும். பொத்தான் போடத் தடுமாறுவது, கையெழுத்து மாறுவது, நடை இறுகிப்போவது என்று ஓசைப்படாமல் நகரும். அதைக் கை நரம்புக் கோளாறு என்று நினைத்து மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பிறகு கழுத்துக்கு வந்தவர்களும் உண்டு. இதை விட்டுவிடக் கூடாது என்பதுதான் ஸ்கேனுக்குப் பெரிய காரணம்.

கண்ணை மூடி நிற்கச் சொன்னது? நாம் நேராக நிற்பதற்குக் கண், உள்காது, பாதத்து மூட்டுகள் என்று மூன்று பேர் செய்தி தருகிறார்கள். பாதச் செய்தி தண்டுவடத்தின் பின்பக்கப் பாதையில் ஏறும். அது குறைந்திருந்தால் கண் அதை ஈடுகட்டும், கண்ணை மூடியதும் ஆட்டம் தெரிந்துவிடும். முகம் கழுவக் கண்ணை மூடும்போது தள்ளாடுகிறது என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் பாதத்தைத்தான் பார்ப்போம். வைட்டமின் பி12 குறைந்தால் இந்தப் பின்பக்கப் பாதை கெடும். மெட்ஃபார்மின் நீண்டகாலம் எடுத்தால் பி12 குறையலாம். நீங்கள் ஆறு வருடம் எடுத்திருக்கிறீர்கள். இரத்தத்தில் பி12 அளவு பார்த்தாயிற்றா என்று அடுத்த முறை கட்டாயம் கேளுங்கள். அதற்காக மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்த வேண்டாம். பி12-ஐ நிரப்பிக்கொண்டால் போதும்.

நம் செய்தி இப்போது பிடரிக்கு வந்திருக்கிறது. மூளைத்தண்டின் கடைசிப் பகுதியான முகுளத்தில் முதல் செல் முடிகிறது. இரண்டாவது செல் செய்தியை வாங்கி உடனே நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகிறது. வலது கையின் செய்தி இடது மூளைக்குப் போவது இப்படித்தான். கட்டளைப் பாதையும் முகுளத்தில்தான் பக்கம் மாறுகிறது. வலியும் சூடும் மட்டும் தண்டுவடத்துக்குள் நுழைந்த கொஞ்ச தூரத்திலேயே பக்கம் மாறிவிடும். ஆகவே தண்டுவடத்தின் ஒரு பாதி மட்டும் வெட்டுப்பட்டால், ஒரு காலில் பலம் போகும், மற்ற காலில் வலி தெரியாது. கேட்கப் புதிர் மாதிரி இருக்கும், வரைபடத்தை விரித்தால் விடுபட்டுவிடும்.

மூளைத்தண்டு கட்டைவிரல் அளவுதான். ஆனால் மூச்சு, இதயத் துடிப்பு, விழுங்குதல், விழித்திருத்தல் எல்லாம் அதன் கையில். தலையிலிருந்து நேராகப் புறப்படும் 12 ஜோடி நரம்புகளில் பத்து ஜோடி இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டிருப்பது சிறுமூளை. எடையில் மூளையின் பத்தில் ஒரு பங்குதான், ஆனால் மூளையின் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்களில் 6,900 கோடி அதற்குள்தான் இருக்கின்றன. அசைவுகளின் அளவையும் நேரத்தையும் திருத்திக்கொண்டே இருப்பது அதன் வேலை. அது கெட்டால் பலம் குறையாது, குறி தவறும். கண் திறந்திருந்தாலும் தள்ளாடும்.

அதற்கு மேலே தலாமஸ், ஏறி வரும் உணர்ச்சிகளைப் பிரித்து அனுப்பும் இடம். அங்கிருந்து மூன்றாவது செல் பெருமூளையின் மேற்பரப்புக்குப் போகிறது. அங்கே போய்ச் சேரும்போதுதான் 'என் நடுவிரலில் ஏதோ பட்டது' என்று உங்களுக்குத் தெரிகிறது. மூன்றே செல்கள். அந்த மேற்பரப்பில் உடலுக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. விரல்களுக்கும் உதட்டுக்கும் பெரிய இடம், முதுகுக்குக் கொஞ்சம் இடம். முதுகில் ஒரு விரல் பட்டதா இரண்டு பட்டதா என்று தெரியாமல் தடுமாறுவது அதனால்தான். பெருமூளையைப் பற்றி முழுதாக எழுத இங்கே இடமில்லை. முன்மடலில் திட்டமும் அசைவும், பின்மடலில் பார்வை, பக்க மடலில் கேட்பதும் நினைவும், பெரும்பாலோருக்கு இடது பக்கத்தில் பேச்சு என்ற அளவோடு விடுகிறேன். பேச்சுக்குத் தனி இடம் உண்டு என்று 1861-இல் காட்டியவர் பிரோக்கா என்ற பிரெஞ்சு டாக்டர். அவருடைய நோயாளிக்கு வந்த ஒரே சொல் 'தான்'. எதைக் கேட்டாலும் 'தான், தான்' என்பாராம். நம் மொழியாக இருந்திருந்தால் ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று விட்டிருப்போம்.

உங்களுக்கு மூளையில் கோளாறு இருக்குமா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அதற்கான வாய்ப்பு மிகக் குறைவு. மூளையில் அடைப்பு வந்தால் திடீரென்று வரும், முகமும் கையும் அல்லது கையும் காலும் ஒரே பக்கமாகச் சேர்ந்து போகும், உதறினால் சரியாகாது. அப்படி யாருக்காவது வந்தால் காத்திருக்கக் கூடாது. இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

இன்னொரு பகுதியை நீங்கள் கேட்கவில்லை, சர்க்கரை நோய் இருப்பதால் நானே சொல்கிறேன். நம் அனுமதி கேட்காமல் வேலை செய்யும் தானியங்கி நரம்புகள். பரிவு நரம்புகள் இதயத்தை விரட்டும், இரத்தக் குழாயை இறுக்கும். எதிர்ப்பரிவு நரம்புகள் இதயத்தை அமர்த்தும், குடலை ஓடவிடும். அமர்த்தும் வேலையை வேகஸ் என்ற எதிர்ப்பரிவு நரம்பு எப்படிச் செய்கிறது என்று கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தமானது. ஓட்டோ லோவி என்ற மருந்தியல் அறிஞருக்கு ஒரு நள்ளிரவில் சோதனை ஒன்று கனவாக வந்தது. எழுந்து கிறுக்கிவைத்துவிட்டுத் தூங்கினார், காலையில் தன் கையெழுத்தே அவருக்குப் புரியவில்லை. அடுத்த இரவும் அதே கனவு. இந்த முறை நேராக ஆய்வகத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இதயங்களை எடுத்து, ஒன்றின் வேகஸ் நரம்பைத் தூண்டி, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை மற்றதன் மேல் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. நரம்பு தன் முனையில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிட்டுத்தான் பேசுகிறது என்பது 1921-இல் இப்படித் தெரிந்தது. 1936-இல் நோபல் பரிசு. சர்க்கரை நோயில் இந்த நரம்புகள் கெட்டால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றும், வயிறு உப்பிக்கொண்டே இருக்கும், பாதம் வியர்க்காமல் காய்ந்து வெடிக்கும். இவை இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், சம்பந்தமில்லை என்று நீங்களே ஒதுக்காதீர்கள்.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, தளர்ந்திருப்பது எது? நேரில் பார்க்காமல் உறுதி சொல்ல முடியாது. கடிதத்தை வைத்துச் சொல்வதானால், கையும் காலும் இரண்டு தனிக் கதைகள் என்று நினைக்கிறேன். சர்க்கரை நோய் நீளமான நரம்பைத்தான் முதலில் பிடிக்கும். அதனால் இரண்டு பாதங்களும் ஒரே சமயத்தில், காலுறை போட்ட இடம் போல. அது மெல்ல ஏறி முழங்கால் பக்கம் வந்த பிறகுதான் வழக்கமாக விரல் நுனிகளில் தொடங்கும், அப்போதும் இரண்டு கையிலும். உங்களுக்கு வலது கை மட்டும், இரவில் மட்டும், உதறினால் போகிறது. ஆகவே கைக்கு மணிக்கட்டுதான் முதல் சந்தேகம். காலுக்குச் சர்க்கரையும் பி12-உம். கழுத்து இரண்டிலும் இல்லை என்று உறுதி செய்துகொள்ள ஸ்கேன்.

மணிக்கட்டு என்றே முடிவானால், ஆரம்ப நிலையில் இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலருக்குப் போதும். கட்டைவிரலின் அடியில் இருக்கும் சதைமேடு இளைக்கத் தொடங்கியிருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். கை கால் நரம்பு சேதமானாலும் திரும்ப வளரும், ஆனால் நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில். அதற்குள் தசை பொறுமை இழந்துவிடும். மூளைக்கும் தண்டுவடத்துக்கும் அந்த வளர்ச்சியும் கிடையாது. பாதங்களைத் தினமும் கண்ணால் பாருங்கள், வலி தெரியாத காலில் புண் சொல்லிக்கொண்டு வராது.

ஒன்றிரண்டு அறிகுறிகள் வந்தால் மட்டும் டெஸ்ட் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். சிறுநீர் போவது தெரியாமல் இருப்பது, உட்காரும் இடம் மரத்துப்போவது, சில நாட்களிலேயே பலவீனம் காலிலிருந்து மேலே ஏறுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த நரம்பு மாத்திரை விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு, உங்கள் மேல் இல்லை. இவற்றில் பலவற்றில் பி6 கணிசமாக இருக்கும். பி6 அளவுக்கு மீறினால் அதுவே உணர்ச்சி நரம்பைக் கெடுக்கும். தினம் 2 முதல் 6 கிராம் வரை எடுத்த ஏழு பேர் நடக்கவே தள்ளாடியதை 1983-இல் ஒரு மருத்துவ இதழ் வெளியிட்டது. பிறகு அதைவிடக் குறைந்த அளவிலும் பாதிப்பு வந்திருக்கிறது. நீங்கள் எடுத்த மாத்திரையில் எத்தனை மில்லிகிராம் என்று எனக்குத் தெரியாது, அட்டையைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். அது வரைக்கும் புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

கரண்ட் டெஸ்டுக்குப் போகும் அன்று கையிலும் காலிலும் எண்ணெயோ கிரீமோ தடவிக்கொள்ளாதீர்கள், பட்டைகள் ஒட்டாது. மோதிரம், வளையலைக் கழற்றிவிடுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முன்னதாகவே சொல்லிவிடுங்கள். கை சில்லிட்டுப் போயிருந்தால் நரம்பின் வேகம் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும், ஆகவே உள்ளே கூப்பிடும் வரை கையைப் போர்த்திச் சூடாக வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் ஒரு வாரம், விழிப்பு வரும் ஒவ்வொரு இரவும் விளக்கைப் போட்டு, எந்தெந்த விரல் மரத்திருக்கிறது என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். சுண்டுவிரலையும் மறக்காமல் கிள்ளிப் பாருங்கள்.